தொழில் ரகசியமாம், தொழில் ரகசியம்!

"தொழில் ரகசியம்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. அதிலும் மனு எழுதுகிறவர்கள், காகிதம் மொழிபெயர்க்கிறவர்கள் வாயிலிருந்து வந்தால் இரட்டிப்பு எரிச்சல். மிட்டாய்க் கடைக்காரர் பாகுப் பதத்தை ஒளித்து வைக்கட்டும். அதனால் யாருடைய பென்ஷனும் நிற்கப் போவதில்லை. நம் புதுச்சேரியில் எழுத்தை வைத்துப் பிழைக்கிறவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்து வைப்பதால் மூன்றாவது மனிதரின் பென்ஷன் நிற்கிறது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எழுபது தாண்டியவனுக்கு அதைப் பற்றி என்ன பயம்?

இப்போதைய பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு ஆங்கிலத்தில் பெரிய பேர் வைத்திருக்கிறார்கள். ஃப்ரீலான்ஸ் கம்யூனிகேஷன்ஸ் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் துண்டுப் பிரசுரம் எழுதுவது, ஓட்டல்காரருக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதுவது, படத்துக்கு அடியில் வரும் வசனத்தை மொழிபெயர்ப்பது என்று பல வேலை செய்கிறார்கள். பேர்தான் புதிது. பிரெஞ்சுக்காரர்கள் இதே ஆளை 'எக்ரிவேன் பியுப்ளிக்' என்று அழைத்தார்கள். ஊராருக்காக எழுதுகிறவர் என்று பொருள். எழுதத் தெரியாதவருக்கு மனுவும் கடிதமும் எழுதிக் கொடுத்துக் கூலி வாங்குகிறவர். மாதச் சம்பளம் கிடையாது, மேலதிகாரி கிடையாது. ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மனு எழுதுபவரும், வீட்டு மாடியில் லேப்டாப் வைத்து உட்கார்ந்திருக்கும் இன்றைய பெண்ணும் ஒரே சாதித் தொழிலாளிகள்தான்.

நம் ஊரில் இந்தத் தொழிலுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்பது உங்களுக்குத் தெரியும். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16இல்தான் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அப்போது விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். நம் சொல்தா வீடுகள் பல அப்படி வைத்துக்கொண்டன. அன்றிலிருந்து இன்றுவரை ஒரே குடும்பத்தின் காகிதங்கள் இரண்டு அரசாங்கங்களுக்கும் மூன்று மொழிகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கின்றன. நடுவில் உட்கார்ந்து கைமாற்றிக் கொடுக்கிறவர்தான் நான் சொல்லும் ஆள். அவர் தடுமாறினால் குடும்பம் தடுமாறும்.

சொல்தா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் விழிப்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை நாம் அப்படித்தான் சொல்கிறோம். அப்படி ஒரு சொல்தாவின் மனைவிக்கு நடந்ததைக் கேளுங்கள். அந்த அம்மா கடலூர்ப் பக்கத்தில் பிறந்தவர். கட்டிக்கொடுத்தது புதுச்சேரியில். வீட்டுக்காரர் காலமான பிறகு அவருடைய பென்ஷனில் மனைவிக்கு வர வேண்டிய பங்குக்கு விண்ணப்பம் போட வேண்டும். அவருடைய பிறப்புச் சான்றை ஒருவரிடம் கொடுத்துப் பிரெஞ்சில் மாற்றினார்கள். இறப்புச் சான்றையும் அஃபிடவிட்டையும் இன்னொருவரிடம் கொடுத்தார்கள். இருவரும் ஒரே வட்டாரத்துக்காரர்கள். இருவருக்கும் நல்ல பிரெஞ்சு தெரியும். இருவரும் பேசிக்கொண்டு வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

பிரெஞ்சுப் படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று 'நோம்', அதாவது குடும்பப் பேர். இன்னொன்று 'பிரேனோம்', நம்முடைய சொந்தப் பேர். நமக்கு ஏது குடும்பப் பேர்? இனிஷியல்தான் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் எழுத்து, பின்னால் வீட்டுக்காரரின் எழுத்து. முதலாமவர் குடும்பப் பேர்க் கட்டத்தில் அப்பா பேரை விரித்து எழுதினார். இரண்டாமவர் வீட்டுக்காரர் பேரை எழுதினார். பிரெஞ்சுச் சட்டப்படி ஒரு பெண்ணின் பேர் கல்யாணத்தால் மாறுவதில்லை. புருஷன் பேர் வழக்கத்தில் சேர்த்துக்கொள்ளும் பேர் மட்டும்தான். ஆகவே அங்கே மேஜையில் உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு, இந்தக் கோப்பில் இரண்டு பெண்கள் இருப்பதாகத் தோன்றியது. கோப்பு திரும்பி வந்தது. அவர்மேல் தப்பே கிடையாது. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்த அம்மா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு முதலாமவரிடம் போனார். "என் காகிதம் சரி. அந்த ஆளைப் போய்க் கேள்." இரண்டாமவரிடம் போனார். "என்னுடையதில் குற்றம் இல்லை. அவரைக் கேளுங்கள்." எப்படி எழுதினீர்கள் என்று காட்டவும் இருவரும் தயாராக இல்லை. தொழில் ரகசியமாம். இப்படியே பதினோரு மாதம் போனது. மளிகைக் கடையில் கடன். காதில் கிடந்த தோடு அடகுக்குப் போனது. கடைசியில் அந்த அம்மாவின் மருமகன் கொஞ்சம் முரட்டு ஆள். இருவரையும் ஒரே நாளில் தன் வீட்டுத் திண்ணைக்கு வரவழைத்து, காபி கொடுத்து, காகிதங்களை நடுவில் போட்டார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு காகிதத்திலும் அப்பா பேரையே குடும்பப் பேராக வைப்பது, வீட்டுக்காரர் பேரைத் தனியாகக் குறிப்பிடுவது, இரண்டு பேரிலும் இருப்பவர் ஒருவரே என்று ஒரு சான்று இணைப்பது. முடிந்தது. ஒரு மணி நேர வேலைக்குப் பதினோரு மாதம். அந்த அம்மா என்னிடம் சொன்னது இது: "முசே, ரெண்டு பேரும் படிச்சவங்கதான். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்திருந்தா என் தோடு காதுல இருந்திருக்கும்."

இனி விஷயத்துக்கு வருகிறேன். தனியாகத் தொழில் செய்கிறவர் தனியாகக் கற்றுக்கொள்ள முடியாது என்பது என் கட்சி. முடியும் என்கிறவர்கள் தங்களுக்கு எது தெரியவில்லை என்று சொல்ல ஆள் இல்லாததால் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சர்க்கார் ஆபீசை எல்லோரும் கிண்டல் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். ஆனால் 1971இல் எல்.டி.சி.யாக நான் உட்கார்ந்த நாற்காலி எனக்கு ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. நான் டிராஃப்ட் எழுதினால் யு.டி.சி. பார்ப்பார். சூப்பரிண்டெண்ட் சிவப்பு மையில் அடிப்பார். அதிகாரி ஒரு வார்த்தையை மாற்றுவார். டைப் ஆகி வந்த ஃபேர் காப்பியை இருவர் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், மற்றவர் நகலில் விரலை ஓட்டிக்கொண்டு போவார். முடிந்ததும் அடியில் 'ஒப்பிட்டவர்' என்று சுருக்கொப்பம் போட வேண்டும். ஐந்து வருஷம் இப்படி இருந்தால் மண்ணாங்கட்டிக்கும் எழுத வந்துவிடும். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். பிரெஞ்சு வாத்தியார் 'திக்தே' என்று தினமும் சொல்லச் சொல்ல எழுத வைப்பார். எழுதி முடித்ததும் பக்கத்துப் பையனிடம் நோட்டைக் கொடுத்துத் திருத்தச் சொல்வார். மற்றவன் பிழையைத் தேடித் தேடித்தான் எங்களுக்கு இலக்கணம் ஏறியது.

தனித் தொழிலாளிக்கு இந்த சூப்பரிண்டெண்ட் கிடையாது, ஒப்பிட்டவர் கிடையாது, பக்கத்துப் பையனும் கிடையாது. அவர் எழுதியது நேராகப் போய்விடுகிறது. தப்பு இருந்தால் அவருக்குத் தெரிவதில்லை, வாடிக்கையாளருக்குத்தான் தெரிகிறது, அதுவும் கோப்பு திரும்பி வந்த பிறகு. ஆபீஸ் தானாகக் கொடுத்ததை அவர் தானே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்குத் தொழிலில் இருக்கும் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவரைத்தான் இவர்கள் போட்டியாளர் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார்கள்.

எவ்வளவு சின்ன விஷயத்தில் கால் இடறும் என்று பாருங்கள். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளில் 1 என்ற எண்ணுக்கு நீளமாக ஒரு கொம்பு இழுத்திருப்பார்கள். பழகாத கண்ணுக்கு அது 7 போலத் தெரியும். 7க்குக் குறுக்கே கோடு இருக்கும், அதுதான் அடையாளம். வருஷத்தையும் தேதியையும் எழுத்தால் எழுதியிருப்பார்கள். பிரெஞ்சில் எழுபத்திரண்டு என்பது 'சுவசாந்த்-தூஸ்', அதாவது அறுபதும் பன்னிரண்டும். தொண்ணூறு என்றால் நான்கு இருபதும் ஒரு பத்தும். 'சுவசாந்த்' ஒரு வரியின் கடைசியில் நின்று 'தூஸ்' அடுத்த வரிக்கு இறங்கியிருந்தால், அவசரக்காரர் அறுபதோடு நின்றுவிடுவார். பன்னிரண்டு வருஷம் அங்கேயே காணாமல் போகும். இறந்தவர் பேருக்கு முன்னால் 'ஃபெ' என்று போட்டிருப்பார்கள். காலஞ்சென்ற என்று பொருள். அதே எழுத்துகளுக்கு நெருப்பு என்றும் பொருள் உண்டு. 'அசிஸ்தே' என்றால் பல இடங்களில் உடனிருந்தார் என்பதுதான் பொருள். ஆங்கிலம் படித்தவர் உதவி செய்தார் என்று எழுதி, சாட்சியை உதவியாளர் ஆக்கிவிடுவார். இவையெல்லாம் பெரிய வித்தை இல்லை. ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தால் தீர்ந்தது. சொல்லிக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

வாரிசுச் சான்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தாசில்தார் ஆபீசில் கொடுக்கும் ஒரே மாதிரிக் காகிதம். அதன் தலைப்பை நம் ஊரில் மூன்று பேரிடம் பிரெஞ்சில் கேட்டால் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ரேஷன் கார்டுக்கும் அப்படியே. தாசில்தார் என்ற பதவியைக்கூட ஒருவர் அப்படியே விடுகிறார், ஒருவர் விளக்கம் எழுதுகிறார், ஒருவர் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் பேரைச் சூட்டுகிறார். அண்ணன் காகிதமும் தம்பி காகிதமும் வேறு வேறு சொல்லோடு போய்ச் சேர்ந்தால் அங்கிருப்பவர் என்ன நினைப்பார்? எல்லோரும் கூடி ஐம்பது சொல்லுக்கு ஒரு பட்டியல் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இதற்கு எனக்கு வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

முதல் பதில்: "சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு அவனே என் வாசலில் கடை போடுவான்." போடட்டுமே! ஊரில் வேலைக்குப் பஞ்சமா? இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் போவது பக்கத்துக் கடையால் அல்ல. ஒரு கோப்பு திரும்பி வந்தால் அந்தத் தெரு முழுக்க, "இங்கே எழுதினா வேலை நடக்காது, சென்னைக்குப் போய் எழுதிக்கோ" என்று பேச்சாகிவிடும். நன்றாக எழுதுகிறவர் பிழைப்பும் சேர்ந்து போகிறது. அரைகுறையாகத் தெரிந்த பக்கத்துக்காரர்தான் உங்களுக்கு நஷ்டம். அவரைத் தேற்றி விடுவது உங்கள் லாபம்.

இரண்டாவது பதில்: "வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த காகிதத்தை இன்னொருவரிடம் காட்டலாமா?" காட்டக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. யார் வீட்டில் விவாகரத்து, யாருக்கு எவ்வளவு பென்ஷன் என்பது வெளியே போகவே கூடாது. ஆனால் அது வாடிக்கையாளரின் ரகசியம். 'ஃபெ' என்றால் காலஞ்சென்ற என்று பொருள் என்பது யாருடைய ரகசியம்? அகராதியில் இருக்கிறது. பேரையும் தேதியையும் மறைத்துவிட்டு, "இந்த வாக்கியத்தை நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்பதில் யாருக்கு மானம் போகிறது? முழுக் காகிதத்தையும் இரண்டாம் கண் பார்க்க வேண்டுமென்றால் வாடிக்கையாளரிடமே கேளுங்கள். "இன்னொருவரும் சரிபார்ப்பார், சம்மதமா?" என்றால் எந்த அம்மா வேண்டாம் என்பார்? இரண்டு டாக்டர் பார்த்தால் நமக்குத் தைரியம்தானே வருகிறது.

மூன்றாவது, இளைஞர்களின் பதில்: "இப்போது கம்ப்யூட்டரே மொழிபெயர்க்கிறது சார். யாரைக் கேட்க வேண்டும்?" கம்ப்யூட்டரை நான் பழிக்க மாட்டேன். இதைக்கூட அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். அச்சில் இருக்கும் பிரெஞ்சை அது நன்றாகவே புரட்டிக் கொடுக்கிறது. ஆனால் அந்த அம்மாவின் மஞ்சள் பையில் இன்னொருவர் செய்த மொழிபெயர்ப்பு ஏற்கனவே போய்ச் சேர்ந்திருக்கிறது, அதில் குடும்பப் பேர்க் கட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வர அது தெருவில் இறங்கி நடக்காது. அதை ஒரு மனிதர் போன் போட்டுக் கேட்க வேண்டும். அதோடு, இயந்திரம் கொடுத்ததைச் சரிபார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளை யார் உருவாக்குவது? இணையத்தில் பாடம் கேட்டுச் சான்றிதழ் வாங்கிவிட்டு, "நானே எனக்கு முதலாளி" என்று நெஞ்சை நிமிர்த்தும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். முதலாளியாக இருங்கள், சந்தோஷம். உங்கள் எழுத்தில் சிவப்பு மையால் அடிக்க ஒருவரை நீங்களே தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதே ஊரில் முன்னால் இருந்தவர்கள் எப்படி வேலை செய்தார்கள்? 1846இல் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் லத்தீன்-பிரெஞ்சு-தமிழ் அகராதி வெளிவந்தது. செய்தவர்கள் முசே, துய்ப்புய் என்ற இரண்டு பாதிரியார்கள். தலைப்புப் பக்கத்தில் தங்கள் பேரைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் 'இரண்டு மிஷனரிகள்' என்று மட்டும் போட்டார்கள். பிறகு அதே இருவரின் தமிழ்-பிரெஞ்சு அகராதியும் 1855க்கும் 1862க்கும் இடையில் வந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். 1736இலிருந்து 1761 வரை அவர் தமிழில் எழுதியது. அது ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்தபோது பிரைஸ் ஆரம்பித்தார், ரங்காச்சாரி கூட உழைத்தார், பின்னால் டாட்வெல் எடுத்து முடித்தார். 1904இல் முதல் தொகுதி, 1928இல் கடைசி. பல கைகள், இருபத்து நான்கு வருஷம். ஒரே ஆள் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

பூட்டி வைத்ததன் கதி என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் நாற்பது வருஷம் மனு எழுதினார். நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். எந்த ஆபீசுக்கு எந்த வாசகம், எந்தப் பழைய பிரெஞ்சுச் சொல்லுக்கு எந்தத் தமிழ், எந்தப் பதிவேட்டில் எழுத்தரின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எல்லாம் அதில் இருந்தது. யாருக்கும் பிரித்துக் காட்டியது இல்லை. ஒரு தடவை நான் கேட்டதற்கு, "அது என் சோறு தம்பி" என்றார். நியாயம்தான், அவர் வயிறு அதில்தான் நிறைந்தது. அவர் போன பிறகு மகன் வீட்டைக் காலி செய்தார். நோட்டு மற்ற காகிதங்களோடு கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. மகனுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருக்கு அது வெறும் கிறுக்கல். நாற்பது வருஷப் படிப்பு எடைக்கல்லில் எத்தனை ரூபாய் ஆகியிருக்கும்? பத்துப் பதினைந்துகூட இருக்காது.

கூலி விஷயத்தையும் ஒளிக்காமல் பேசிவிட வேண்டும். "கூடி வேலை செய்வோம்" என்று இனிக்க இனிக்கப் பேசி, சின்னவர் தலையில் வேலையைக் கட்டி, பெரியவர் கூலியை வாங்கிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பேர் சுரண்டல். சரிபார்ப்பதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு. ஆயிரம் ரூபாய் வேலையில் சரிபார்த்தவருக்கு எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் முன்பே துண்டுக் காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு நேரமில்லை என்று இன்னொருவரிடம் அனுப்பினால், அனுப்பியதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். மொழிபெயர்த்தவர் பேரும் ஒப்பிட்டவர் பேரும் காகிதத்தின் அடியில் இருக்க வேண்டும். ஆபீசில் சுருக்கொப்பம் போட்டோமே, அதேதான். பேர் போட்டவர் கவனமாகப் பார்ப்பார்.

இதற்குச் சங்கம் வேண்டாம், தலைவர் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு காலை நான்கு பேர் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் போதும். அந்த மாதம் தடுக்கிய வாக்கியங்களை ஆளுக்கு இரண்டு கொண்டு வர வேண்டும், பேரும் தேதியும் இல்லாமல். திரும்பி வந்த கோப்பு இருந்தால் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. நமக்குப் பழைய கையெழுத்து படிக்கத் தெரியும், பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரும் புதிய படிவங்களும் தெரியும். இரண்டு பக்கமும் கொடுக்கவும் வாங்கவும் சரக்கு இருக்கிறது.

இதைப் படிக்கும் பெரியவர்களில் பலர் என்னோடு அதே பெஞ்சில் 'திக்தே' எழுதியவர்கள். பழைய பதிவேட்டை உரக்கப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம் எத்தனை பேர் மிச்சம் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று இரங்கல் வீட்டில்தான் நாம் சந்தித்துக்கொள்கிறோம். உங்கள் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ ஒரு நீள நோட்டு இருந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்தி, 1க்கும் 7க்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து ஆரம்பியுங்கள். என் வீட்டுத் திண்ணை ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து காலியாகத்தான் இருக்கிறது. காபிக்கு நான் பொறுப்பு. பேசாமல் இருக்கும் இருவர் ஊரில் இன்னும் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.